தியேட்டர் டூட்டிக்குப் போகும் மருமகளுக்கு

மேலகரம்



உனக்கு ஆபரேஷன் தியேட்டரில் போஸ்டிங் என்று உன் அப்பா போனில் சொன்னான். ரத்தத்தைப் பார்த்து நீ பயப்பட மாட்டாய் என்று அவனுக்குப் பெருமை. ரத்தத்துக்குப் பயப்படாதவர்கள் தியேட்டரில் நிறையப் பேர் உண்டு. சீஃப் தையல் போடும்போது “சார், கொஞ்சம் நில்லுங்க” என்று சொல்லப் பயப்படாதவர்கள்தான் குறைவு.

2022 நவம்பரில் சென்னையில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். கால்பந்து ஆடும் 17 வயதுக் கல்லூரி மாணவி. பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் முழங்கால் ஜவ்வுக்கு ஆபரேஷன். அதன்பின் போட்ட கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்றது. ராஜீவ் காந்தி மருத்துவமனையில் காலை எடுத்தும் 15-ஆம் தேதி பிள்ளை போய்விட்டாள். இரண்டு டாக்டர்களை சஸ்பெண்ட் செய்தார்கள். அங்கே யார் எதைக் கவனித்தார்கள் என்று பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் கத்தியைக் கீழே வைத்ததோடு ஆபரேஷன் முடிவதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் வழுக்கி விழுந்து வருகிறவர்களுக்குப் போடும் மாவுக்கட்டே நீ நிறையப் பார்ப்பாய். கட்டுக்குள் இருக்கும் ஆபத்தை விரல்கள்தான் சொல்லும். நிறம் மாறும், சில்லிடும், மரத்துப்போகும். வலிக்கு ஊசி போட்டும் அடங்காமல் அழுதால் “ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும்” என்று நகர்ந்துவிடாதே. ஸ்பைனல் மயக்க ஊசி போட்டவருக்கு வலியே தெரியாது, அவரை இன்னும் அதிகமாகப் பார். போர்வையை விலக்கு, நகத்தை அமுக்கி விட்டு ரத்தம் திரும்புகிறதா என்று கவனி, டாக்டரைக் கூப்பிடு. அவர் எடுக்காவிட்டால் அடுத்தவரை. எத்தனை மணிக்குக் கூப்பிட்டாய் என்பதையும் கேஸ் ஷீட்டில் எழுது. சதைக்குள் அழுத்தம் ஏறிவிட்டால் சில மணி நேரம்தான் கையில் இருக்கும்.

அடுத்தது கவுன்ட், அதாவது உள்ளே வைத்த துணியையும் கருவியையும் மூடுமுன் எண்ணிப் பார்ப்பது. ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963-இல் பிரசவத்துக்கு வந்து கருத்தடை செய்துகொண்ட ஒரு தாயின் வயிற்றில் ரத்தம் ஒற்றும் துணியான மாப் ஒன்று தங்கிவிட்டது. அவள் பிழைக்கவில்லை. அரசுதான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1996 ஆனது. அதனால், வயிற்றை மூடுமுன் மாப் ஒன்று குறைந்தால் குறைகிறது என்று எல்லோர் காதிலும் விழச் சொல். பக்கெட்டைக் கொட்டித் தேடுங்கள், கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே. மாப்பில் எக்ஸ்ரேயில் தெரிவதற்கென்றே ஒரு நூல் வைத்திருக்கிறார்கள். திட்டு விழும், விழட்டும். எண்ணாமல் ‘கரெக்ட்’ என்று எழுதி மட்டும் கையெழுத்துப் போடாதே.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த, ஆபரேஷனுக்கான 19 அம்சச் சரிபார்ப்புச் சீட்டு உங்கள் தியேட்டரிலும் இருக்கும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது ஆபரேஷனுக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. அந்தச் சீட்டையே கேஸ் முடிந்தபின் டீ குடித்துக்கொண்டு மொத்தமாக டிக் போடுகிறவர்களும் உண்டு! கத்தி வைக்குமுன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு வரி வரும். பலருக்கு அது வேடிக்கை. எனக்கு அதுதான் முக்கியம். முதலிலேயே ஒருமுறை வாய் திறந்தவளுக்கு, பிறகு “நில்லுங்க” என்று சொல்ல நாக்கு எழும்.

லீவுக்கு வரும்போது, உங்கள் தியேட்டரில் கவுன்ட் போர்டை எங்கே மாட்டியிருக்கிறார்கள், டேபிளில் நின்றால் அது கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்து வந்து சொல்.

இப்படிக்கு,
அத்தை