ஜிப் மூட்டையைப் பிரிக்கும் முன் நாலு கேள்வி

 

போன இதழில் பைத்தான் மொழியில் வாய்ப்பாடு அச்சடிப்பது எப்படின்னு பார்த்தோம். இந்த இதழில் ஜிப் ஃபைலை பைத்தான் மூலமாகவே பிரிப்பது எப்படின்னு பார்ப்போம்.

ஜிப் என்றால் என்ன?

பல ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்டி, அளவையும் சுருக்கி வைப்பதுதான் ஜிப். அமெரிக்காவின் ஃபில் காட்ஸ் என்பவர் 1989-ல் இதை வெளியிட்டார். அவர் பெயரின் முதல் எழுத்துகளான பி, கே இரண்டும் இன்றைக்கும் சாதாரண ஜிப் ஃபைல்களின் ஆரம்பத்தில் இருக்கும். நம்ம ஆண்ட்ராய்டு போனில் போடும் ஏபிகே ஃபைலும், வேர்டில் சேமிக்கும் டாக்எக்ஸ் ஃபைலும்கூட உள்ளுக்குள்ளே ஜிப்தான்!

எப்படிச் சுருங்குகிறது?

40 பேர் உள்ள வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது 40 தடவை “உள்ளேன் ஐயா” கேட்கும். அதை அப்படியே வரிக்கு ஒன்றாக ஒரு ஃபைலில் அடிப்போம். கம்ப்யூட்டர் கணக்கில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட். “உள்ளேன் ஐயா”வில் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணினால் 10 குறி, ஆக 30 பைட். நடுவில் இடைவெளி 1, வரி முடிவு 1. மொத்தம் 32 பைட். 40 வரிக்கு 1280 பைட்.

ஜிப் என்ன செய்யும் தெரியுமா? முதல் “உள்ளேன் ஐயா”வை மட்டும் முழுசா எழுதும். அப்புறம், “32 பைட் பின்னால் போ, அங்கிருந்து 258 பைட் எடுத்து எழுது” என்று கட்டளை போடும். ஒரு கட்டளையில் அதிகபட்சம் 258 பைட்தான் எடுக்கலாம். மிச்சம் உள்ள 1248 பைட்டுக்கு 5 கட்டளை போதும். அவ்வளவுதான்! இந்த யோசனையை ஆபிரகாம் லெம்பல், ஜேக்கப் ஜிவ் என்ற இரண்டு அறிஞர்கள் 1977-ல் வெளியிட்டார்கள். பிரிப்பது என்றால் இந்தக் கட்டளைகளை ஒவ்வொன்றாகச் செய்து பழையபடி 1280 பைட்டையும் எழுதுவதுதான்.

நிரல் நூலகம்

இதை எல்லாம் நாமே நிரலாக எழுத வேண்டியதில்லை. ஏற்கெனவே எழுதி வைத்ததை எடுத்துப் பயன்படுத்தலாம். அதற்குப் பெயர்தான் நிரல் நூலகம். பைத்தானோடு கூடவே வரும் நூலகத்தின் பெயர் ஜிப்ஃபைல்.

மவுஸை வலது கிளிக் செய்தாலே பிரிக்கலாமே, நிரல் எதுக்குன்னு கேட்பீங்க. 200 ஜிப் இருந்தால் 200 தடவை கிளிக் செய்ய முடியுமா? நிரல் ஒரே தடவையில் முடிச்சிடும். ஆனா ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. மவுஸில் பிரிக்கும்போது அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால் விண்டோஸ், “மாற்றவா, வேண்டாமா?” என்று கேட்கும். நூலகம் கேட்காது. பழையதை அழித்து அதன் மேலேயே எழுதிடும். ஒரே கம்ப்யூட்டரை நாலைந்து பேர் பயன்படுத்தும் இடத்தில் “கட்டுரை” என்ற பெயரில் எத்தனை ஃபைல் இருக்கும்! ஒருத்தர் பிரிக்க, இன்னொருத்தர் ஒரு வாரம் உட்கார்ந்து அடிச்சது போயிடும். ஆகவே நூலகம் கேட்காத கேள்விகளை நாமதான் கேட்கணும்.

செய்முறை

பைத்தானின் ஐடில் ஜன்னலில் கீழே உள்ளதை ஒவ்வொரு வரியாக அடித்து எண்டர் தட்டி, பதிலைப் பார்த்த பிறகே அடுத்த வரிக்குப் போகணும். இங்கே உச்சரிப்பைத் தமிழில் எழுதியிருக்கேன். கட்டளைகளை ஆங்கில எழுத்தில் அடிக்கணும். இரண்டாம் வரியில் ஜிப்ஃபைல் இரண்டு முறை வருது. புள்ளிக்குப் பின்னால் வருவதில் மட்டும் இசட், எஃப் இரண்டும் பெரிய எழுத்து. மற்றதெல்லாம் சின்ன எழுத்து. “மூட்டை” என்ற பெயரை மட்டும் தமிழிலேயே அடிக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்!

1. இம்போர்ட் ஜிப்ஃபைல்
2. மூட்டை = ஜிப்ஃபைல்.ஜிப்ஃபைல்("பாடம்.ஜிப்")
3. பிரிண்ட்(மூட்டை.நேம்லிஸ்ட்())
4. பிரிண்ட்(சம்(ஒன்று.ஃபைல்_சைஸ் ஃபார் ஒன்று இன் மூட்டை.இன்ஃபோலிஸ்ட்()))
5. பிரிண்ட்(மூட்டை.டெஸ்ட்ஜிப்())
6. மூட்டை.எக்ஸ்ட்ராக்ட்ஆல்("புது_அறை")
7. மூட்டை.க்ளோஸ்()

முதல் கேள்வி: மூட்டை முழுசா வந்திருக்கா?

இரண்டாம் வரியிலேயே இது தெரிஞ்சிடும். ஜிப்பின் பொருளடக்கம் புத்தகம் மாதிரி முன்னால் இருக்காது, கடைசியில் இருக்கும். டவுன்லோடு பாதியில் நின்று வால் பகுதி வராமல் போனால் பொருளடக்கமே இருக்காது. அப்போ, “இது ஜிப் ஃபைலே இல்லை” என்று பிழைச்செய்தி வரும். ஃபைல் கெட்டுப்போச்சுன்னு வருத்தப்படாமல் மறுபடி டவுன்லோடு செய்தால் போதும்.

இரண்டாம் கேள்வி: உள்ளே என்னென்ன இருக்கு?

மூன்றாம் வரி பொருளடக்கத்தைக் காட்டும், எதையும் பிரிக்காது. ஏதாவது பெயரில் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் இருந்தால் உஷார்! அதற்கு “ஒரு ஃபோல்டர் மேலே ஏறு” என்று அர்த்தம். நாம் சொன்ன இடத்தை விட்டு வேறு இடத்தில் ஃபைலைப் போடும் தந்திரம் அது. 2018-ல் ஸ்னைக் என்ற நிறுவனம் இதற்கு ஜிப் ஸ்லிப் என்று பெயர் வைத்து உலகத்தை எச்சரித்தது. பைத்தானின் ஜிப்ஃபைல் அந்தப் புள்ளிகளை நீக்கிவிட்டுத்தான் பிரிக்கும். எல்லா நூலகமும் அப்படி இல்லை.

மூன்றாம் கேள்வி: இடம் இருக்கா?

நான்காம் வரி, பிரித்த பிறகு மொத்தம் எத்தனை பைட் ஆகும் என்று சொல்லும். ஜிப் குண்டு என்று ஒன்று உண்டு. 42 கிலோபைட்தான் இருக்கும். உள்ளே ஜிப்புக்குள் ஜிப்பாக அடுக்கி வைத்திருப்பதை எல்லாம் பிரித்தால் சுமார் 4.5 பெட்டாபைட், அதாவது 45 லட்சம் ஜிபி! எந்த வீட்டுக் கம்ப்யூட்டரும் தாங்காது. தொகை ரொம்பப் பெரிசா இருந்தாலோ, உள்ளே ஜிப்புக்குள் ஜிப் நிறைய இருந்தாலோ ஆசிரியரிடம் காட்டுங்கள்.

நான்காம் கேள்வி: சரக்கு நல்லா இருக்கா?

கட்டும்போது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு ஜிப்பில் எழுதியிருக்கும். ஐந்தாம் வரி அதே கணக்கை மறுபடி போட்டு ஒத்துப்பார்க்கும். “நன்” என்று வந்தால் ஒரு குறையும் இல்லை. ஒரு ஃபைலின் பெயர் வந்தால் அது கெட்டிருக்கு என்று அர்த்தம்.

நாலுக்கும் நல்ல பதில் வந்தால் மட்டும் ஆறாம் வரி. அதிலும் இதுவரை இல்லாத ஒரு புதுப் பெயரைக் கொடுங்க. நூலகமே அந்தப் பெயரில் ஃபோல்டர் உண்டாக்கி எல்லாவற்றையும் அதுக்குள்ளே வைக்கும். யாருடைய ஃபைலும் அழியாது. ஒரே ஒரு ஃபைல் மட்டும் வேணும்னா எக்ஸ்ட்ராக்ட்ஆல் என்பதற்குப் பதில் எக்ஸ்ட்ராக்ட் என்று போட்டு, அந்த ஃபைலின் பெயரை முதலிலும், காற்புள்ளி போட்டு ஃபோல்டர் பெயரை அடுத்தும் கொடுக்கணும்.

மூளைக்கு வேலை

“உள்ளேன் ஐயா” ஃபைல் அவ்வளவு சுருங்குது. ஆனா கேமராவில் எடுத்த ஜேபெக் போட்டோவை ஜிப் செய்தால் அளவு பெரும்பாலும் குறைவதே இல்லை. ஏன்?

குறிப்பு: நல்லாப் பிழிஞ்ச துணியை மறுபடி பிழிஞ்சா எவ்வளவு தண்ணி வரும்?

விடையை எழுதி சுவர் இதழ்ப் பெட்டியில் போடுங்க. சரியான விடை அடுத்த இதழில்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி