குக்கீ கேட்டால் அவசரப்படாதீர்கள்

குன்னத்தில் உட்கார்ந்து செல்போனில் பருத்தி விலை தேடினாலும், சில இணையதளங்கள் முதலில் குக்கீக்குச் சம்மதம் கேட்கும். நம்மை அடையாளம் வைத்துக்கொள்ள அந்தத் தளம் நம் போனில் போட்டுவைக்கும் சிறு குறிப்புதான் குக்கீ. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குக்கீ என்ற சொல்லே இல்லை. ஆனாலும், இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் தகவலைக் குக்கீ சேர்த்தால் சட்டம் பொருந்தும். சம்மதக் கோரிக்கையைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தை அதே சுலபத்தில் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். இது நமக்குக் கிடைத்த பெரிய உரிமை.

இந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. மேலே சொன்ன கடமைகளைத் தளங்கள் நிறைவேற்ற அப்போதிலிருந்து 18 மாத அவகாசம் உண்டு. அதுவரை குரோம் செட்டிங்ஸில் மூன்றாம் தரப்பு குக்கீயை, அதாவது நாம் திறந்த தளம் அல்லாமல் பிறர் போடும் குக்கீயை, தடுத்துவையுங்கள். பிரவுசிங் சென்டரில் என்றால், லாக்-அவுட் செய்து, குக்கீயையும் அழித்துவிட்டு எழுந்திருங்கள்.