பூட்டவில்லை என்றால் அனுமதி என்று அர்த்தமா?

சென்ற ஆண்டு என் வீட்டு இன்டர்நெட் இணைப்பு இரண்டு நாட்கள் வேலை செய்யவில்லை. பக்கத்து வீட்டு சார், "எங்க வை-ஃபையை யூஸ் பண்ணிக்கோங்க தம்பி" என்று பாஸ்வேர்டைக் கொடுத்தார். கம்ப்யூட்டர் தெரிந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? பிரவுசரின் அட்ரஸ் பாரில் 192.168.1.1 என்று டைப் செய்தேன். ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கம் வந்தது. யூசர்நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். உள்ளே நுழைந்துவிட்டேன்.

வேறு யாராவது புகுந்தால் என்ன ஆவது என்று நினைத்து, அட்மின் பாஸ்வேர்டையும் வை-ஃபை பாஸ்வேர்டையும் மாற்றினேன். மாலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வேலைக்குக் கிளம்பிவிட்டேன். அன்று 11 மணிக்கு அவர் மகளுக்கு ஆன்லைன் இன்டர்வியூ. பழைய பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை. என் செல்போனோ சைலன்ட்டில் இருந்தது. மொபைல் டேட்டா மூலம் அந்தப் பெண் இணைவதற்குள் 20 நிமிடங்கள் போய்விட்டன. அந்த வேலை கிடைக்கவில்லை. அதற்கு நான் காரணமே இல்லை என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

நான் செய்த தவறு எது? வை-ஃபையைப் பயன்படுத்த எனக்கு அனுமதி இருந்தது. ரூட்டரின் செட்டிங்ஸைத் திறக்க அனுமதி இல்லை. இரண்டும் வேறு வேறு.

மோரிஸ் வழக்கு சொல்லும் பாடம்

இதே கேள்வி அமெரிக்க நீதிமன்றத்திலும் எழுந்தது. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ், தானாகப் பரவும் ஒரு புரோகிராமை இன்டர்நெட்டில் விட்டார். பைல்களை அழிக்கும் வேலை எதுவும் அதில் இல்லை. ஆனால் ஏற்கெனவே நுழைந்த கம்ப்யூட்டரிலும் ஏழில் ஒரு தடவை மீண்டும் தன்னைக் காப்பி செய்துகொள்ளும்படி எழுதியிருந்தார். காப்பிகள் பெருகி கம்ப்யூட்டர்கள் திணறின. சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள்.

1990ல் அவருக்கு மூன்று ஆண்டுகள் நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம் விதிக்கப்பட்டன. கார்னெல் கம்ப்யூட்டர்களைப் பயன்படுத்த அவருக்கு அனுமதி இருந்ததே என்ற வாதத்தை 1991ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. சேதம் செய்யும் எண்ணம் இருந்ததா என்பதை நிரூபிக்க வேண்டியதில்லை, அனுமதியின்றித் தெரிந்தே நுழைந்ததே போதும் என்று கூறியது.

நம் நாட்டுச் சட்டம்

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43ன்படி உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டரிலோ நெட்வொர்க்கிலோ நுழைந்தால் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு தர வேண்டும். அதையே நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66ன்படி மூன்று ஆண்டுகள் வரை சிறை, ரூ.5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. "நல்ல எண்ணத்தில்தான் செய்தேன்" என்பது இரண்டாவதிலிருந்து காப்பாற்றலாம். முதலாவதிலிருந்து காப்பாற்றும் என்று நம்பாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. நண்பரின் கம்ப்யூட்டரைச் சரிசெய்யும்போது, எந்தெந்த டிரைவைத் திறக்கலாம் என்று முதலில் கேளுங்கள். பிரின்டரைச் சரிசெய்ய போட்டோ ஃபோல்டர் தேவையில்லை.

2. உங்கள் ரிசல்ட்டைப் பார்க்கும் இணைய முகவரியில் ஓர் எண் தவறிப்போய் அடுத்தவர் விவரம் வந்துவிட்டதா? அங்கேயே நிறுத்துங்கள். "நிரூபிக்க வேண்டுமே" என்று அடுத்தடுத்த எண்களைப் போட்டு டவுன்லோடு செய்யாதீர்கள். எப்படி வந்தது என்பதைக் குறித்துக்கொண்டு தளத்தின் பொறுப்பாளருக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்கலாம்.

3. ஹேக்கிங் கற்க ஆசையா? தாராளமாகக் கற்கலாம். விர்ச்சுவல்பாக்ஸை இன்ஸ்டால் செய்து, பயிற்சிக்கென்றே ஓட்டைகளோடு தயாரிக்கப்பட்ட மெட்டாஸ்பிளாய்டபிளை அதற்குள் ஓடவிடுங்கள். அதை இன்டர்நெட்டோடு இணைக்காதீர்கள்.

4. பிழை கண்டுபிடித்தால் பரிசு தரும் நிறுவனங்களும் உண்டு. கூகுள் தன் இணையச் சேவைகளுக்கு 2010லிருந்து தருகிறது. எதைச் சோதிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்ற விதிகளை முதலில் படியுங்கள். அந்த எல்லைதான் உங்கள் அனுமதி.

அன்று மாலை பக்கத்து வீட்டு சாரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கேட்டிருந்தா நானே மாத்தச் சொல்லியிருப்பேனே தம்பி" என்றார். மறுநாள் அவரே அழைத்து என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். புதிய பாஸ்வேர்டை அவர் டைப் செய்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.