சித்திரக்காரரும் விலையுயர்ந்த பென்சிலும்

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பது நம்மவர் பழமொழி. சித்திரம் பயிலும் மாணவர் எவரேனும் நல்ல பென்சில் வேண்டுமென்று கேட்டால், பெரியோர் இதனைச் சொல்லி அவர் வாயை அடைத்துவிடுதல் வழக்கம். ஆயினும் இப்பழமொழி வல்லவனைக் குறித்துப் பேசுகின்றதேயன்றி, வல்லவனாகப் பயிலுகின்றவனைக் குறித்துப் பேசவில்லை. புல்லை ஆயுதமாக்கும் திறமை வரும்வரை அவன் என் செய்வான்? மற்றொரு புறத்தில், விலையுயர்ந்த பெட்டி கைக்கு வந்தால் கலையும் அதனுடன் வந்து சேரும் என்று எண்ணுவோரும் உளர். இவ்விரு கொள்கைகளுக்கும் இடையே உண்மை எங்கே நிற்கின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு நம்மைத் தூண்டியது நாம் செய்த ஒரு பிழை. நமது சித்திரக் கழகத்து மாணவர் ஒருவர் குரங்கணியைச் சேர்ந்தவர். போடிநாயக்கனூருக்கு வடமேற்கே, கொட்டகுடி ஆற்றின் பக்கத்தில், மலையேறும் வழியின் தொடக்கத்தில் உள்ளது அச்சிற்றூர். அவருடைய தாயார் மேலே ஏலத்தோட்டத்தில் கூலிவேலை செய்பவர். மாணவர் ஏலச்செடியை வரைய விரும்பினார். அச்செடியின் பூக்கள் உச்சியில் மலர்வதில்லை. தூரிலிருந்து தரையோடு படரும் சரங்களில் மலர்கின்றன. வெண்மையான இதழின் நடுவே ஊதா நிறக் கோடுகள் மெல்லிதாக ஓடும். அக்கோடுகள் தம் பென்சிலுக்கு அகப்படவில்லையென்று அவர் நம்மிடம் குறைகூறியபோது, நாம் சற்றும் ஆராயாமல், "நல்ல அயல்நாட்டுப் பென்சில் வாங்கும்" என்று கூறிவிட்டோம். அவர் பன்னிரண்டு பென்சில்கள் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கினார். அதன் விலை அவருடைய தாயாரின் பல நாட்கூலி என்பதைப் பின்னரே அறிந்தோம். அதைவிட வருந்தத்தக்கது, அப்பெட்டி வந்தபின் அவர் வரைவதே குறைந்துபோயிற்று. சீவினால் குறைந்துவிடுமே என்னும் அச்சத்தால் அவர் கை கூசியது. பல மாதங்கள் கழித்துப் பார்க்கையில், பன்னிரண்டில் ஒன்பது சீவப்படாமலே இருந்தன.

1. காரீயம் அல்லாத காரீயம்

விலையை மதிப்பிடுமுன் பொருளை அறிதல் வேண்டும். பென்சிலின் உள்ளே இருப்பதைக் காரீயம் என்று நாம் வழங்குகிறோம். ஆனால் காரீயம் என்னும் உலோகம் அதில் அணுவளவும் இல்லை. இத்தவறு நமக்கு மட்டும் உரியதன்று. மேனாட்டாரும் நெடுங்காலம் அதனை ஈயத்தின் ஒருவகை என்றே நம்பியிருந்தனர். ஷீலே என்னும் ரசாயன அறிஞர் 1779-ஆம் ஆண்டில் அது கரியின் ஒரு வடிவமே என்று காட்டினார். 1789-இல் வெர்னர் என்பார், எழுதுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து, அதற்குக் கிராபைட் என்று பெயரிட்டார். வைரமும் கரியே, கிராபைட்டும் கரியே. வைரத்தில் அணுக்கள் எல்லாப் பக்கங்களிலும் இறுகப் பிணைந்துள்ளன. கிராபைட்டிலோ ஏடுஏடாக அடுக்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்குகின்றன. அவ்வாறு வழுக்கிய ஏடுகள் காகிதத்தின் நாரில் தங்குவதையே நாம் கோடு என்கிறோம்.

இப்பொருள் நமக்குத் தூரத்ததன்று. சிவகங்கை வட்டாரத்தில் பூமிக்குள் கிராபைட் கிடைக்கிறது; தமிழ்நாடு கனிம நிறுவனம் அதனை வெட்டியெடுத்துத் தூய்மை செய்கிறது. இலங்கையில் போகலை, ககட்டகக முதலிய சுரங்கங்களில் மிகத் தூய கிராபைட் பாறைகளின் நடுவே நரம்புபோல் ஓடுகின்றது. ஆயினும் உலகில் எடுக்கப்படும் கிராபைட்டில் பென்சிலுக்குச் செல்வது சிறு பங்கே. உலைச்சுவர்க் கற்களும் உலோகம் உருக்கும் மூசைகளும் மின்கலங்களும் பெரும்பங்கைக் கொள்கின்றன. எனவே, பென்சிலின் விலை ஏறுவதற்கு உள்ளிருக்கும் கனியின் அருமை முதற்காரணமன்று. அதனைப் பக்குவம் செய்யும் முறையே காரணம்.

2. பக்குவத்தின் பயன்

இங்கிலாந்தின் பாரோடேல் என்னும் இடத்தில் அகப்பட்ட தூய கட்டிகளை அறுத்தே முதற்காலத்தில் பென்சில் செய்தனர். போரினால் அச்சரக்கு பிரான்சுக்குச் செல்லாது நின்றபோது, கோந்தே என்பவர் கிராபைட் தூளையும் களிமண்ணையும் நீர்விட்டுப் பிசைந்து, குச்சிகளாக்கிச் சூளையிலிட்டுச் சுடும் முறையைக் கண்டு, 1795-இல் உரிமை பெற்றார். களிமண் மிகுந்தால் குச்சி கடினமாகிக் கோடு வெளுக்கும். கிராபைட் மிகுந்தால் குச்சி மென்மையாகிக் கோடு கறுக்கும். எச் என்னும் எழுத்துக் கடினத்தையும், பி என்னும் எழுத்துக் கருமையையும் குறிக்கும். எச்பி இரண்டிற்கும் நடுவே நிற்பது. சுட்ட குச்சியை மெழுகில் ஊறவைத்தால் அது காகிதத்தின்மேல் வழவழப்பாக ஓடும்.

இம்முறையில் விலையுயர்ந்த பென்சிலும் மலிவான பென்சிலும் பிரியும் இடங்கள் நான்கு. முதலாவது, தூளையும் களிமண்ணையும் எவ்வளவு நுண்ணியதாக அரைத்து வடிகட்டினர் என்பது. ஒரு மணற்பரல் தங்கினும் அது காகிதத்தைக் கீறும். இரண்டாவது, ஒவ்வொரு தரத்திற்கும் இடையே படி ஒழுங்காக அமைந்துள்ளதா என்பது. மூன்றாவது, குச்சி மரத்தின் நட்டநடுவில் அமைந்து, மரத்தோடு நன்கு ஒட்டியுள்ளதா என்பது. நான்காவது, மரம் நேரான இழையுடையதாய், கத்திக்கு இணங்கிச் சீவப்படுகின்றதா என்பது.

பெயர்பெற்ற அயல்நாட்டுப் பென்சில்கள் இந்நான்கினும் உழைத்தே பெயர் பெற்றன. 1889-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் ஹார்ட்முத் நிறுவனத்தார் மஞ்சள் வண்ணம் பூசிய உயர்தரப் பென்சிலைக் காட்டி, அதற்கு நம் நாட்டு வைரமாகிய கோஹினூரின் பெயரைச் சூட்டினர். 1905-இல் ஃபேபர்-காஸ்டெல் நிறுவனத்தாரின் 9000 என்னும் பச்சைப் பென்சிலும், 1966-இல் ஜப்பானியரின் ஹை-யூனியும் வெளிவந்தன. நம் நாட்டில் 1958-இல் தொடங்கிய இந்துஸ்தான் பென்சில் நிறுவனத்தாரின் நடராஜ், அப்சரா என்பன பள்ளிப்பிள்ளைகள் அனைவரும் அறிந்த பெயர்கள். இந்தியப் பென்சில்களின் மரம் பெரும்பாலும் காஷ்மீரத்துப் பாப்ளார் மரம். புல்வாமா மாவட்டத்தில் அதனைப் பலகைகளாக அறுத்து அனுப்புகின்றனர்.

3. போடியில் கற்ற பாடம்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்கும் முறையை அறிந்தவர்க்கு நாம் மேற்கொண்ட சோதனை எளிதில் விளங்கும். அங்கு வியாபாரி மூட்டையின்மேல் எழுதிய தோட்டத்தின் பெயரைக் கண்டு விலை கூறுவதில்லை. மாதிரிக் காயைக் கையில் அள்ளுகிறார், பருமனைப் பார்க்கிறார், பசுமையைப் பார்க்கிறார், உரித்து விதையை நோக்குகிறார். கையும் கண்ணும் மூக்கும் சொல்வதே விலை. பென்சில் வாங்குவோர் மட்டும் மேற்பூச்சையும் பொன்னெழுத்தையும் நம்பலாமோ?

ஆகவே, இந்நாட்டுப் பென்சில்களையும் அயல்நாட்டுப் பென்சில்களையும் தரத்திற்கு ஒன்றாக எடுத்து, பெயர் தெரியாதபடி அனைத்தின்மேலும் ஒரே காகிதத்தைச் சுற்றி, எண் மட்டும் இட்டோம். கழகத்து மாணவர்கள் ஒரே வகைக் காகிதத்தில் அவற்றைக் கொண்டு வரைந்தனர். எச்பி, 2 பி ஆகிய நடுத்தரங்களில் எது விலையுயர்ந்தது என்பதைப் பெரும்பாலோரால் கூற இயலவில்லை. சிலர் மலிவானதையே சிறந்ததென்று உறுதியாகக் கூறினர்! ஆனால் 4 எச் தரத்திலும் 6 பி தரத்திலும் வேறுபாடு தெளிவாகத் தோன்றியது. மலிவான கடினப் பென்சில் ஒன்றில் பரல் தட்டுப்பட்டுக் காகிதம் கீறப்பட்டது. மலிவான மென்பென்சில் ஒன்று ஒரே அழுத்தத்தில் ஓரிடத்தில் கறுத்தும் ஓரிடத்தில் வெளுத்தும் நின்றது. விலையுயர்ந்தவை இவ்விரு ஓரங்களிலும் சீராக ஓடின. குரங்கணி மாணவரின் ஊதாக் கோடுகள் அகப்படாமற்போனதன் காரணமும் அப்போது விளங்கியது. அவர் முன்பு வைத்திருந்தது 2 பி ஒன்றே. அவருக்கு வேண்டியிருந்தது நல்ல 4 எச் ஒன்று, பன்னிரண்டன்று.

4. விலை கொடுத்தும் கிடையாதவை

விலையுயர்ந்த பென்சிலிடம் எதிர்பார்க்கத் தகாதவையும் உண்டு. முதலாவது, முழுக் கருமை. கிராபைட் இயல்பிலேயே சாம்பல் நிறமும் மினுமினுப்பும் உடையது. எத்தனை முறை அழுத்தித் தீட்டினும் 8 பி பென்சில் அடுப்புக்கரியைப்போல் கறுக்காது. மாறாக, ஒளிபட்டுப் பளபளக்கும். நள்ளிரவுக் கருமை வேண்டுவோர் சித்திரக் கரிக்கோலை எடுப்பதே தக்கது.

இரண்டாவது, நீடித்த ஆயுள். வண்ணங்களில் மலிவானவை வெயிலில் வெளுத்துவிடுவதால், அவற்றுக்கு மிகுந்த விலை கொடுப்பதில் நியாயம் உண்டு. கிராபைட்டோ கரி, மலிவானதும் வெளிச்சத்தால் மங்குவதில்லை. பென்சிற் சித்திரம் கெடுவது பெரும்பாலும் காகிதத்தினாலேயாம். அமிலம் கலந்த மலிவுக் காகிதம் சில ஆண்டுகளில் மஞ்சளாகி, மடித்த இடத்தில் முறிந்துபோகும். விலையுயர்ந்த பென்சிலால் அதன்மேல் வரைதல், செல்லரித்த உத்தரத்தின்மேல் தேக்குக் கூரை வேய்வதை ஒக்கும்.

மூன்றாவது, மலையின் ஈரத்திற்கு மாற்று. குரங்கணிக்கு மேலே மூடுபனி இறங்கும் நாட்களில் காகிதம் ஈரம் குடித்து மென்மையாகிவிடும். அப்பொழுது கடினப் பென்சில் எவ்வளவு உயர்ந்ததாயினும் கோட்டுக்குப் பதிலாகப் பள்ளத்தையே உண்டாக்கும். காகிதத்தை உறையிலிட்டுக் காப்பதும், கையைத் தளர்த்தி வரைவதுமே அதற்குப் பரிகாரம்.

எனினும் மலிவு என்பது எப்போதும் சிக்கனமாகாது என்பதையும் மறைக்கலாகாது. மலைப்பாதையில் பை கீழே விழுந்தால், ஒட்டுதல் சரியில்லாத பென்சிலின் குச்சி உள்ளேயே பல துண்டுகளாகிவிடுகிறது. பின்னர் சீவச்சீவ முனை கழன்று விழும். பாதிப் பென்சில் சீவலாகவே போயின் அதன் உண்மை விலை இருமடங்கன்றோ?

5. முடிவும் சில விதிகளும்

இவற்றால் நாம் துணிந்தவை வருமாறு. சித்திரம் தொடங்குவோர்க்கு நம் நாட்டு நல்ல வரைபென்சில்களே போதும். 2 எச், எச்பி, 2 பி, 6 பி என நான்கு இருந்தால் அனேகமாக எல்லாம் வரையலாம். மிஞ்சும் பணத்தை அமிலமற்ற நல்ல காகிதத்திற்குச் செலவிடுக. தாவரங்களின் நுண்ணுறுப்புகளை வரைவோரும், பெரிய பரப்பில் மெல்லிய நிழலைச் சீராகப் பரப்ப வேண்டியோரும், பிறருக்கு வரைந்து ஊதியம் பெறுவோரும் விலையுயர்ந்தவற்றை வாங்குதல் தகும். அவர்கட்கு ஒரு கீறல் பல மணி நேர உழைப்பைக் கெடுத்துவிடும். அவர்களும் பெட்டியாக வாங்காமல், தமக்கு வேண்டிய தரத்தை ஒவ்வொன்றாக வாங்குவதே நலம்.

வாங்குமுன் செய்யத்தக்கவை மூன்று. பென்சிலின் அடிமுனையைப் பார்த்துக் குச்சி நடுவில் உள்ளதா என்று காண்க. நேராகப் பிடித்து நோக்கி, மரம் வளைந்துள்ளதா என்று ஆராய்க. கடைக்காரர் இசைந்தால் ஒரு சிறு கட்டத்தை மெல்லத் தீட்டி, பரல் தட்டுப்படுகின்றதா என்று விரலால் உணர்க. வாங்கிய பின் செய்யத்தக்கது ஒன்றே: அஞ்சாமல் சீவி, நாள்தோறும் வரைக. தேயாத பென்சில் எவ்விலையதாயினும் வீண்செலவே.

குரங்கணி மாணவருக்கு நாம் பட்ட கடன் ஒன்று இருந்தது. அவர் இசைவுடன், சீவப்படாத ஒன்பது பென்சில்களையும் சித்திரக் கழகமே விலைக்கு வாங்கிக்கொண்டது. பணம் அவருடைய தாயாரைச் சேர்ந்தது. அப்பென்சில்கள் இப்போது கழகத்தின் பொதுச்சொத்து. எத்தரம் தமக்கு வேண்டும் என்று அறிய விரும்பும் எந்த மாணவரும் அவற்றை எடுத்து வரைந்து பார்த்தபின் கடைக்குச் செல்லலாம். அம்மாணவர் தம்மிடம் நிறுத்திக்கொண்ட மூன்றனுள் 4 எச் ஒன்று. அது இவ்வாண்டு பாதியாகத் தேய்ந்துவிட்டது. ஏலப்பூவின் ஊதாக் கோடுகள் அவர் தாளில் மெல்லிதாக ஓடுகின்றன. அத்தாளைக் கண்ட அவருடைய தாயார், பூவைப் புகழாமல், சரம் தரையைத் தொடும் இடம் சற்று உயர்ந்துவிட்டது என்று குறை கூறினாராம். அவர் கூறியது சரியே. நாள்தோறும் அச்செடியின் அடியில் குனிந்து காயெடுக்கும் கண் அது. எந்தப் பென்சிலும் தர இயலாத அப்பார்வையை மாணவர் தம் இல்லத்திலேயே கற்றுக்கொள்ளலாம்; அதற்கு விலையும் இல்லை.