தெரிந்தும் ஏன் தயங்குகிறார்கள்?

கேள்வி: இயற்கை வேளாண்மையைப் பற்றிக் கேள்விப்பட்ட சிறு விவசாயிகள் பலர், கடைப்பிடிப்பவர்கள் சிலர். விழிப்புணர்வு போதவில்லையா? (வாசகர், சாகுபுரம்)

பதில்: குறை விழிப்புணர்வில் இல்லை என்பதே என் கருத்து. 1960-களில் உங்கள் மாவட்டத்துக் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய நம்மாழ்வார், விலை கூடிய இடுபொருட்கள் மானாவாரி ஏழை விவசாயிக்குக் கட்டுப்படியாகாது என்று கண்டு வெளியேறினார். 2013-இல் மறையும்வரை ஊர் ஊராகச் சென்று இயற்கை வேளாண்மையைப் பற்றிப் பேசினார். பஞ்சகவ்யமும் மூலிகைப் பூச்சிவிரட்டியும் இன்று கிராமங்களில் பழகிய சொற்கள். தடை வேறிடத்தில் இருக்கிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்திய விவசாயிகளில் 86 சதவீதம் பேருக்கு 2 ஹெக்டேருக்கும் குறைவான நிலமே உண்டு. மண் தேறும்வரை சில பருவங்கள் மகசூல் குறையலாம்; அந்த இழப்பைத் தாங்க அவர்களிடம் கையிருப்பு இல்லை. அடுத்த ஆண்டு தன்னிடம் இருக்குமா என்று தெரியாத குத்தகை நிலத்தில் யார் தொழுவுரம் கொட்டுவார்?

"இலங்கையில் என்ன ஆயிற்று, பார்த்தீர்களா?" என்று சிலர் கேட்பார்கள். 2021-இல் அங்கே ரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் தடுத்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கினார்கள். தோற்றது அவகாசம் தராத திணிப்பு. படிப்படியாக மாறுவது வேறு. நிலத்தின் ஒரு பகுதியில் மட்டும், நெல்லுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், தழைச்சத்து மண்ணிலேயே சேரும். யூரியா செலவு குறையும். செலவு குறைந்தால் மட்டும் போதாது, விற்பனையும் கைகொடுக்க வேண்டும். பக்கத்து ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ரசாயனமின்றி விளைந்த பொருளுக்கும் அப்படி ஓர் அடையாளமும் நியாயமான விலையும் வேண்டும். அதே ஆண்டு தமிழக அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. அந்தக் கொள்கை சிறு விவசாயியைச் சென்றடைய, இன்னொரு பயிற்சி முகாமைவிட, மாறும் ஆண்டுகளின் இழப்புக்கு ஈடுதான் இப்போது தேவை. அதை உங்கள் கிராம சபையில் கேளுங்கள்.