நாரணாபுரத்துத் தங்கைக்கு ஒரு கடிதம்



பகலில் சிவகாசி அச்சாபீசில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைகிறாய். ராத்திரியானால் நாரணாபுரத்து மொட்டை மாடியில் போனை வைத்து ராப் பதிவு செய்கிறாய். இந்த ஊரில் ‘சீன்’ கிடையாது, சென்னைக்கோ பெங்களூருக்கோ போனால்தான் ஆகும் என்று எழுதியிருந்தாய். தாராளமாகப் போ. ஆனால் சீன் என்பது எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டு போ.

ராப் பிறந்த 1970களின் நியூயார்க்கை இன்று சினிமாவில் பார்க்கிற பளபளப்பான ஊராக நினைக்காதே. 1975இல் அந்த நகர நிர்வாகம் திவாலாகும் நிலையில் இருந்தது. பிராங்ஸ் பகுதியில் தெருத்தெருவாக வீடுகள் எரிந்துபோய்க் கிடந்தன. மன்ஹாட்டனின் தென்பகுதியில் காலிக் கிடங்குகள் அடிமாட்டு வாடகைக்குக் கிடைத்ததால், ஓவியம் படித்தவர்களும், கிட்டாரைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமலே பாண்டு ஆரம்பித்தவர்களும் அங்கே குடியேறினார்கள்.

பிராங்ஸில் 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் ஒரு பார்ட்டி. கூல் ஹெர்க் என்ற டி.ஜே. ரெக்கார்டு சுழற்றினார். ஹிப்ஹாப் பிறந்த நாள் என்று இன்றைக்கும் அதைத்தான் கொண்டாடுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் புதுத்துணி வாங்கக் காசு வேண்டும் என்று அந்தப் பார்ட்டியை ஏற்பாடு செய்தது அவருடைய தங்கை சிண்டி. உழைத்தது தங்கை, பெயர் வாங்கியது அண்ணன். இதை நீ குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வடக்கே இருந்த பிராங்ஸையும் தெற்கே இருந்த ஓவியர் கூட்டத்தையும் சேர்த்துவைத்தவர்களில் முக்கியமானவர் ஃபேப் ஃபைவ் ஃப்ரெடி. ரயில் பெட்டிகளில் படம் வரைந்தவர், ராப் செய்தவர், இரண்டு பக்கமும் போய்வந்தவர். 1980 ஜூனில் டைம்ஸ் ஸ்கொயரில் கைவிடப்பட்ட ஒரு மசாஜ் பார்லர் கட்டடத்தில் நடந்த கண்காட்சியில் பாஸ்கியா, கீத் ஹாரிங் போன்ற ஓவியர்களின் படங்கள் இடம்பெற்றன. அடுத்த ஆண்டு தனி ரெக்கார்டாக வந்த ‘ராப்ச்சர்’ பாட்டில் ப்ளாண்டி குழுவின் டெபி ஹாரி, ஃப்ரெடியின் பெயரையே சொல்லி ராப் செய்தார். 1983இல் ரம்மெல்ஸியும் கே-ராபும் பாடிய ‘பீட் பாப்’ ரெக்கார்டுக்கு அட்டை வரைந்தவர் பாஸ்கியா. படம் வரைகிறவனும் பாடுகிறவனும் ஒரே அறையில் உட்கார்ந்த காலம் அது.

எல்லாம் சுமுகமாக நடந்ததாக நினைக்காதே. 1981இல் தி க்ளாஷ் என்ற பங்க் குழு நியூயார்க்கில் தொடர்ந்து பல நாள் கச்சேரி நடத்தியது. தங்களுக்கு முன்னால் பாட கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷின் ராப் குழுவை அழைத்திருந்தார்கள். புரட்சிப் பாட்டுக் கேட்க வந்த கூட்டம் கறுப்பினக் கலைஞர்கள் மேல் கப்புகளை எறிந்து விரட்டியது. ரசிகன் எப்போதும் கலைஞனுக்கு ஒரு படி பின்னால்தான் நிற்பான்.

இதில் தமிழச்சிக்கு என்ன இடம் என்று கேட்பாய். மாதங்கி அருள்பிரகாசம், உலகத்துக்கு எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் மறுபடி லண்டன் போனவர். அங்கே கலைக்கல்லூரியில் படித்தது பாட்டு அல்ல, திரைப்படம். எலாஸ்டிகா என்ற குழுவின் 2000ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு அட்டை செய்து கொடுத்தார். அவர்களுடைய பயணத்தைப் படம் பிடிக்கப் போனார். அந்தப் பயணத்தில் பீச்சஸ் என்ற பாடகி காட்டிய ரோலண்ட் எம்சி-505 என்ற சின்னத் தாளப்பெட்டிதான் அவரைப் பாட்டுக்காரி ஆக்கியது. 2005இல் அப்பா பெயரில் ‘அருளர்’, 2007இல் அம்மா பெயரில் ‘கலா’. கலாவுக்காகச் சென்னையில் பதிவு செய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டில் அதிர்வது நம்ம ஊர் உறுமி. அதே தொகுப்பின் ‘பேப்பர் ப்ளேன்ஸ்’ பாட்டில் ஓடுவது க்ளாஷின் 1982ஆம் ஆண்டுப் பாட்டுத் துண்டு. ஆக, அட்டை வரையப் போன பெண்தான் பாட்டுக்காரியாகத் திரும்பினாள். நீ அச்சாபீசில் உட்கார்ந்திருப்பதை நேர விரயம் என்று எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் இவ்வளவும்.

உன் ஊர்க்கதை மட்டும் என்ன? 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்காக அச்சாபீசு வந்தது, அச்சாபீசு வந்த பிறகு காலண்டர் வந்தது. கோவில்பட்டி கொண்டைய ராஜு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். 1940களில் கம்பெனி கலைந்ததும் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவர் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி ஊர் ஊராக வீட்டுச் சுவர்களுக்குப் போயின. நாடகமும் ஓவியமும் அச்சும் இங்கே ஏற்கெனவே ஒரு முறை சேர்ந்திருக்கின்றன. அப்போது யாரும் அதற்கு சீன் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பிராங்ஸில் படி எஸ்கொயர் என்றொருவர் பார்ட்டி நோட்டீசுகளைக் கையால் வரைந்து ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார். அந்த நோட்டீசுகள் இன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் பத்திரமாக இருக்கின்றன. நீ பிரிண்டர்களுக்கு நடுவில் வேலை பார்த்துக்கொண்டு, பாட்டுக்கு அட்டைப்படம் மட்டும் இணையத்தில் தேடி எடுத்து ஒட்டுகிறாய். வேண்டாம். வெட்டி மிஞ்சும் ஆர்ட் பேப்பரில் உன் கையால் வரைந்து அச்சடி. நாலு ரோட்டு டீக்கடையில் ஒட்டு.

சத்தத்துக்கு வருவோம். சிவகாசிப் பெண் ராப் செய்தால் பின்னணியில் சரவெடி வெடிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அதைச் செய்யாதே. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் ஒரே விபத்தில் முப்பத்தைந்து பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்தச் சத்தத்தைத் தாளமாகப் போட்டால் உங்கள் தெருவிலேயே காதைப் பொத்திக்கொள்கிறவர்கள் இருப்பார்கள். பட்டாசு ஆலைக்குப் போகிற பயராபீசு வேன் விடிகாலையில் அடிக்கும் ஹாரன், திரி நறுக்கும் ஓசை, ஆப்செட் மிஷின் ஓடுகிற லயம், உங்கள் பக்கத்துத் தேவராட்டத்துக்கு அடிக்கிற உறுமி... இவற்றை உன் பாட்டில் கொண்டுவா.

சென்னையிலும் சீன் தானாக முளைக்கவில்லை. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற குழு முதன்முதலாக மேடை ஏறியபோது, கானா பாடகர்களும் ராக் கிட்டாரும் ராப்பும் பறையும் ஒன்றாக நின்றன. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் ஆள் தேடி அலைந்து சேர்த்த கூட்டம் அது. பெயரை எடுத்தது அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து. அந்தக் குழுவில் பாடிய இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ராப்பர் அறிவும் அதே மேடையிலிருந்து வந்தவர்தான்.

அறிவின் கதையில் உனக்கு ஒரு எச்சரிக்கை இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து எழுந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வெளிவந்து உலகமெல்லாம் ஓடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசைப் பத்திரிகையின் அட்டையில் அந்தப் பாட்டின் பேரில் மற்றவர்கள் இருந்தார்கள், எழுதிய அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகே அறிவுக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. நியூயார்க்கிலும் இதேதான். தெற்கு பிராங்ஸில் ஸ்க்ராகின்ஸ் சகோதரிகள் நடத்திய ஈ.எஸ்.ஜி. குழுவின் ‘யு.எஃப்.ஓ.’ பாட்டை எத்தனையோ ராப்பர்கள் வெட்டி எடுத்துப் பயன்படுத்தினார்கள். வெட்டி எடுத்ததற்குப் பெயர் போட்டால் மட்டும் எங்கள் பில்லைக் கட்ட முடியாது என்ற பொருளில் 1992இல் அவர்கள் ஒரு தொகுப்புக்கே தலைப்பு வைத்தார்கள்.

2012இல் திருத்திய இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. ஆனால் எழுதியது யார் என்பதற்குத் தாள் இல்லாவிட்டால் உன் பேச்சு எங்கேயும் எடுபடாது. அதனால் அடுத்த பாட்டை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளை எடு. வரி யாருடையது, மெட்டு யாருடையது, உறுமி அடித்தவர் யார், அட்டை வரைந்தது யார், காசு வந்தால் யாருக்கு எவ்வளவு என்று எழுது. எல்லோரிடமும் கையெழுத்து வாங்கு. உன் பெயரை முதலில் எழுதிக்கொள், வெட்கப்படாதே.