முதலில் கறுப்புக் கட்டைகள்

பொழிச்சலூரில் எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளை பியானோ கற்கப் போனாலும், "எந்த கீபோர்டுண்ணா வாங்கலாம்?" என்ற கேள்வி என்னிடம் வந்துவிடும். நடுவயதில் கற்க ஆரம்பித்தவன் நான். இப்போது மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு ஆரம்பப் பாடம் சொல்லித் தருகிறேன். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் நூற்றுக்கணக்கான டோன்களையும் ரிதம்களையும் பார்த்து மயங்காதீர்கள், கட்டையைப் பாருங்கள் என்பதுதான் எல்லோருக்கும் என் பதில். பிள்ளையின் விரல் தினமும் தொடப்போவது அதைத்தான்.

கடைக்கு ஒரு ஸ்கேல் கொண்டுபோங்கள். அடுத்தடுத்த ஏழு வெள்ளைக் கட்டைகளின் மொத்த அகலம் சுமார் 16.5 செ.மீ. இருந்தால் அது பியானோ அளவு. அதைவிடக் குறுகலாக இருந்தால் மினி கீ. அதில் பழகிய கை பெரிய கட்டைக்கு மாறும்போது தூரக்கணக்கெல்லாம் தப்பிப்போகும்.

அடுத்தது டச் ரெஸ்பான்ஸ். மெல்லத் தொட்டால் மெல்லிய ஒலியும் அழுத்தித் தட்டினால் பெரிய ஒலியும் வர வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஏனென்றால் பியானோ பிறந்ததே இதற்காகத்தான். பியானோவுக்கு முந்தைய கட்டைக் கருவியான ஹார்ப்சிகார்டில் கம்பி சுண்டப்படுவதால், கட்டையை எப்படித் தட்டினாலும் ஏறக்குறைய ஒரே அளவு சத்தம்தான் வரும். 1700 வாக்கில் இத்தாலியில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி, சுத்தியல் வந்து கம்பியைத் தட்டும்படி ஒரு கருவியைச் செய்தார். விரலின் பலம் அப்படியே ஒலியில் இறங்கியது. டச் ரெஸ்பான்ஸ் இல்லாத கீபோர்டில் பிள்ளை எத்தனை வருஷம் வாசித்தாலும் இந்த நயம் கைக்கு வராது.

88 கட்டை வேண்டுமா என்று கேட்பார்கள். சுத்தியல் கனம் உள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோ நல்லதுதான். ஆனால் அதன் எடை பெரும்பாலும் 10 கிலோவைத் தாண்டும், விலையும் பல மடங்கு. ஆரம்பத்துக்கு ஐந்து ஸ்தாயி உள்ள 61 கட்டையே தாராளம். சஸ்டெயின் பெடல் மாட்டத் துளை இருக்கிறதா, பேட்டரியிலும் ஓடுமா என்று மட்டும் பாருங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் சாதகம் நிற்காது. ஹெட்போனும் அவசியம். விமானம் தாழப் பறக்கும் எங்கள் ஊரில் மெல்லிய ஒலி காதில் விழ வேறு வழியில்லை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கீபோர்டு கிடைப்பதுண்டு. வாங்கலாம், ஆனால் சோதிக்காமல் காசைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பர் தொடுமுனைகள் இரண்டு இருக்கும். முதல் முனை தொட்டதற்கும் இரண்டாவது முனை தொட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்துத்தான் தட்டிய வேகத்தைக் கருவி கணக்கிடுகிறது. தூசியோ ஈரப்பதமோ அங்கே சேர்ந்தால், மெல்லத் தொட்டாலும் அந்தக் கட்டை மட்டும் அலறும், அல்லது பேசாமல் கிடக்கும். அதனால் எல்லாக் கட்டைகளையும், கறுப்பு உட்பட, ஒவ்வொன்றாக மெல்லவும் அழுத்தியும் தட்டிப் பாருங்கள். ஆறு பேட்டரியைக் கையோடு எடுத்துப் போனால், பிளக் பாயிண்ட் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிடாதீர்கள். பிள்ளைக்கு அது உயரம். தோள் தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டு வலிக்கும். முழங்கை கட்டையின் மட்டத்தில் இருக்கும்படி உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்ட் ஒன்று வாங்குங்கள்.

இனி வாசிப்பு. என்னிடம் வரும் பிள்ளைகளை நான் முதல் நாள் வெள்ளைக் கட்டைப் பக்கமே விடுவதில்லை. கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக நிற்கும். மூன்று உள்ள கூட்டத்தில் முதலாவது, நம் சுருதிக் கணக்கில் நாலரைக் கட்டை (F#). அதை ஸட்ஜமாக வைத்துக் கறுப்பை மட்டும் வரிசையாக வாசித்தால் மோகனம்! பிள்ளையின் முகத்தில் வெளிச்சம் வந்துவிடும். அடுத்த கறுப்பு, ஐந்தரைக் கட்டை. அங்கே ஸட்ஜத்தை நகர்த்தினால் அதே ஐந்து கட்டைகள் மத்தியமாவதி ஆகிவிடும். ஆறரையில் ஹிந்தோளம். இரண்டு உள்ள கூட்டத்துக்குப் போனால் ஒன்றரையில் சுத்த சாவேரி, இரண்டரையில் சுத்த தன்யாசி. கிரகபேதம் என்று நம் இசைக்காரர்கள் சொல்வதை ஆறு வயதுப் பிள்ளை ஒரே மாலையில் தன் விரலாலேயே கண்டுபிடித்துவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. கமகம் வராதே என்பார்கள். உண்மைதான், ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் உள்ள நாதம் அங்கே இல்லை. ஆனாலும் ஸ்வர இடைவெளியைக் கண்ணால் பார்க்க இதைவிடத் தெளிவான கருவி எனக்குத் தெரியாது.

பிறகு சுருதிக் கணக்கின் ஒரு கட்டையை (C) ஸட்ஜமாக வைத்து வெள்ளையில் சங்கராபரணம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் போனதும் கட்டைவிரல் கைக்கு அடியில் புகுந்து நாலாவது ஸ்வரத்தைத் தொட வேண்டும். இந்த ஒரு அசைவு சரளமாகும் வரை பாட்டு கேட்டுப் பிள்ளையை நச்சரிக்காதீர்கள். பாட்டு வகுப்பில் சரளி வரிசை படித்த பிள்ளைக்கு மாயாமாளவகௌளையும் எளிது. ஒன்றரையும் ஐந்தரையும் மட்டும் கறுப்பு, மற்றதெல்லாம் வெள்ளை. வலக்கை தனியே, இடக்கை தனியே, மெட்ரோனோமை 60-இல் வைத்து. இரண்டு கையையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

வகுப்பில் சேர்க்கும் முன் ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள். டிரினிட்டி இசைத் தேர்வுகளில் பியானோவுக்கும் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கும் பாடத்திட்டம் தனித்தனி. கீபோர்டில் இடக்கை பெரும்பாலும் கார்டு பிடிக்கும், தாளத்தைக் கருவியே போட்டுக்கொள்ளும். பியானோவில் இரண்டு கையும் சமமாக உழைக்க வேண்டும். உங்கள் பிள்ளைக்குச் சொல்லித் தரப்போவது எது என்று தெளிவாகக் கேட்டறிந்த பிறகே பணம் கட்டுங்கள்.